ஆணிகளின் ஆட்டம்

மயிலாப்பூர், அடையாறு ஃபிளாட்டுகளில் பல்லாங்குழி ஹாலுக்கு வந்துவிட்டது. ஆட இல்லை, பார்க்க. குழிகளில் சோழிக்குப் பதில் வண்டிச் சாவி, சில்லறை, கொரியர் ரசீது. 'ஆன்ட்டிக் சார், காரைக்குடியில பிடிச்சது' என்பார் வீட்டுக்காரர். ஆடத் தெரியுமா என்றால், பாட்டிக்குத் தெரியுமாம்.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் பழைய பின்பால் மெஷின்களைச் சேகரிக்கிறார்கள். அதிலும் ஒரு கோஷ்டிக்கு 1947-க்கு முந்தையதுதான் வேண்டும். அந்த வருஷம்தான் காட்லீப் கம்பெனி 'ஹம்ப்டி டம்ப்டி' என்ற மெஷினில் ஃபிளிப்பர் வைத்தது. பக்கவாட்டு பட்டனை அழுத்தினால், கீழே விழப்போகிற பந்தைத் தட்டி மேலே அனுப்புமே, அந்தக் குட்டி மட்டை. அதற்கு முன்னால்? ஸ்பிரிங்கை இழுத்து விட வேண்டியது, பந்து ஆணிகளில் முட்டி மோதி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியது. 'பின்'பால் என்ற பெயரே அந்த ஆணிகளால் வந்ததுதான்.

காட்லீப்பே 1931-ல் கொண்டுவந்த 'பாஃபிள் பால்' அப்படிப்பட்டது. விலை பதினேழரை டாலர். இன்றைக்கு அதன் முன் நின்று உருகுகிறார்கள். மரப்பெட்டி அழகு, பெயின்ட் ஒரிஜினல், எண் பலகை அப்படியே இருக்கிறது... ரசனையில் தப்பில்லை. ஆனால் புகழ்வதெல்லாம் பெட்டியைத்தான். ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால், 'அது சும்மா லக்' என்று ஃபிளிப்பர்காரர்கள் சொல்வதை இவர்களும் தலையாட்டி ஒப்புக்கொள்கிறார்கள்.

நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1930-களில் ஹாரி வில்லியம்ஸ் என்பவர் 'டில்ட்' என்ற ஏற்பாட்டைச் செய்தார். மெஷினை ரொம்ப ஆட்டினால், தூக்கினால் ஆட்டம் குளோஸ். வெறும் அதிர்ஷ்டம்தான் என்றால் எதற்குப் பாதுகாப்பு? ஃபிளிப்பர் இல்லாத காலத்திலேயே ஜனங்கள் உள்ளங்கையால் பெட்டியைத் தட்டிப் பந்தைத் திருப்பக் கற்றுக்கொண்டார்கள். அளவோடு தட்டினால் வித்தை, அளவு மீறினால் டில்ட்.

இன்னொரு சாட்சி. சூதாட்டம் என்று சொல்லி 1942-ல் நியூயார்க் நகரம் பின்பாலைத் தடை செய்தது. சம்மட்டியால் மெஷின்களை உடைத்தார்கள். 1976-ல் ரோஜர் ஷார்ப் என்ற இளைஞர் நகர சபைக்காரர்கள் முன்னால் ஆடிக் காட்டினார். எல்லாரும் பேசுவது அவர் கடைசியாகச் செய்ததைத்தான். ஸ்பிரிங்கை இழுத்து, 'பந்து நடுவழியில் போகும்' என்றார். போயிற்று. தடையும் போயிற்று. கவனியுங்கள், அதில் ஃபிளிப்பருக்கு வேலையே இல்லை. இதே திறமையா-அதிர்ஷ்டமா வழக்கை கிண்டி குதிரைகளும் சுப்ரீம் கோர்ட் வரை இழுத்து, 1996-ல் 'திறமை' என்று தீர்ப்பு வாங்கின.

நம் வீடுகளில் இருந்தது பின்பாலின் தாத்தா: பேகடெல் போர்டு. மேல்பக்கம் வளைந்த பிளைவுட், வரிசையாக ஆணிகள், நம்பர் போட்ட குழிகள், ஓரத்தில் ஸ்பிரிங் குச்சி. (அந்த ஸ்பிரிங்குக்கு 1871-லேயே மான்டேக் ரெட்கிரேவ் அமெரிக்காவில் பேட்டன்ட் வாங்கிவிட்டார்.) முழுப்பரீட்சை லீவில் இரண்டே நாளில் கைக்குத் தெரிந்துவிடும், நூறுக்கு எவ்வளவு இழுக்கணும், எங்கே நிறுத்தணும் என்று. போர்டுக்கு அடியில் யாரோ ஒரு நோட்டுப் புத்தகத்தைச் சொருகிச் சரிவை மாற்றியிருப்பார்கள். தெரு முழுக்கச் சண்டை.

இதை யாரும் சேகரிக்கவில்லை. பி.காம். படித்தவனுக்குக் காரணம் எளிது. பித்தளைத் தாயக்கட்டைக்கு எடைக்கு எடை மதிப்பு உண்டு. பிளைவுட்டுக்குத் தேய்மானம் போட்டுப் போட்டுப் பூஜ்யம். 'பாரம்பரியம்' என்ற சலுகையும் கிடையாது, வெள்ளைக்காரன் சரக்கு! சென்னையில் வினிதா சித்தார்த்தா தொடங்கிய 'கிரீடா' பரமபதத்தையும் பல்லாங்குழியையும் காட்சிக்கு வைக்காமல் ஜனங்களை உட்கார வைத்து ஆடச் சொல்கிறதே, அந்த அக்கறையில் கொஞ்சம் இதற்கும் வேண்டும்.

உங்கள் பரணில் ஒன்று கிடந்தால், வார்னிஷ் அடித்துச் சுவரில் மாட்டிவிடாதீர்கள். துருவைச் சுரண்டுங்கள், சாய்ந்த ஆணியை நிமிர்த்துங்கள். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஹார்டுவேர் கடையில் அதே அளவில் தேடிப் பாருங்கள். நாலு கோலி போதும்.