ஈயக் குண்டை ரசிப்பது எப்படி?

சென்னை எம்.கே.பி. நகரில் வசிக்கும் ஒருவருக்குப் புராதனத் துப்பாக்கிகளின் மீது ருசி பிறக்குமானால், அவர் அதற்காகச் சீமைக்குப் பிரயாணம் செய்ய வேண்டியதில்லை. பேசின் பாலத்தைத் தாண்டிச் சென்றால் புனித ஜார்ஜ் கோட்டையில் 1948 முதல் நடந்துவரும் காட்சிசாலையும், இன்னும் சற்றுத் தூரம் சென்றால் தஞ்சை அரண்மனையின் ஆயுதங்களைத் தாங்கி நிற்கும் எழும்பூர்க் காட்சிசாலையும் இருக்கின்றன. ஆனால் அங்கே செல்வோரில் பெரும்பாலோர் கட்டையின் வேலைப்பாட்டையும் குழலின் நீளத்தையும் வியந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ரசனை குண்டிலிருந்தல்லவா தொடங்க வேண்டும்? குழலின் வாய் அகலமும், உள்ளே ஓடும் சுழல் வரிகளும், விசையின் அமைப்பும் அந்த அற்ப ஈயத் துண்டின் சுபாவத்திற்குப் பணிந்து அமைந்தவையே.

கண்ணைப் பழக்குவதற்குக் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகமே உத்தமமான பாடசாலை. வலையின் அடிக்கயிற்றில் கோத்த ஈயக் குண்டை நகத்தால் கீறிப் பாருங்கள், கோடு விழும். 327 பாகையிலேயே உருகிவிடும் அந்த உலோகத்தை, காட்டில் முகாமிட்ட வேட்டைக்காரனும் விறகுத் தீயில் காய்ச்சி, குறடு போன்ற கையச்சில் ஊற்றிக் குண்டாக்கிக்கொண்டான். ஆகவே வார்த்த குண்டைக் காணும்போது முதலில் தேட வேண்டியது, அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடத்தில் ஓடும் மெல்லிய கோட்டையும், ஊற்றுவாயை வெட்டிய தழும்பையும்தான். மேனி சுருங்கியிருந்தால் அச்சோ உலோகமோ போதிய சூடேறவில்லை என்று கொள்ளலாம். வெள்ளீயம் சேர்ந்தால் ஈயம் அச்சின் மூலைமுடுக்குகளிலெல்லாம் நிறையும். ஆண்டிமனி சேர்ந்தால் கடினப்படும். அச்சகங்களில் எழுத்து வார்க்கும் லைனோடைப் இயந்திரத்தின் அச்சுலோகமும் இம்மூன்றின் கலவையே: ஈயம் 84, ஆண்டிமனி 12, வெள்ளீயம் 4 பங்கு. அமெரிக்காவில் குண்டு வார்ப்போர் அச்சகங்கள் கழித்த உலோகத்தை ஆவலோடு தேடி வாங்கியதன் காரணம் இதுவே. எம்.கே.பி. என மகாகவி பாரதியின் பெயர் தாங்கிய நகரில் வாழ்வோருக்கு, அவர் ஆசிரியராயிருந்த 'இந்தியா' பத்திரிகையைத் தாளில் பதித்த எழுத்துக்களும் துப்பாக்கிக் குண்டும் ஒரே குலத்து உலோகம் என்று அறிவதில் ஒரு விசேஷ ரசம் உண்டு.

இனி, நெம்புகோலை அசைத்துத் தோட்டா ஏற்றும் துப்பாக்கிக்கு வருவோம். 1860இல் வந்த ஹென்றியிலும் 1873இல் வந்த வின்செஸ்டரிலும், தோட்டாக்கள் குழலுக்குக் கீழுள்ள குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். வின்செஸ்டரில் ஒன்றின் மூக்கு, முன்னதன் பிட்டத்தின் நடுவே தட்டினால் தீப்பற்றும் தீக்குமிழைத் தொட்டுக்கொண்டிருக்கும். கூரிய மூக்கு அதிர்ச்சியில் அக்குமிழைத் தட்டிவிட்டால் விபரீதம். ஆதலால் வின்செஸ்டர் குண்டின் மூக்கைத் தட்டையாக்கினார்கள். ஏறக்குறைய 13 கிராம் எடையுள்ள அக்குண்டின் இடுப்பைச் சுற்றிய பள்ளங்கள் அலங்காரமல்ல. கருமருந்து எரிந்தபின் குழலில் படியும் கசடை இளக்குவதற்காக மெழுகும் கொழுப்பும் அடைக்கும் இடம் அவை. கொழுப்பு என்றதும் 1857 நினைவுக்கு வராமலிருக்குமா? என்பீல்டு துப்பாக்கியின் தோட்டாத் தாளில் பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் பூசியிருப்பதாகப் பரவிய செய்தி, சிப்பாய்களின் உள்ளத்தில் மூட்டிய தீயை அறியாதாரில்லை. அத்துப்பாக்கி பிறந்த ஊரின் பெயரைச் சூடிக்கொண்டு, திருவொற்றியூரில் 'புல்லட்' என்ற மோட்டார் சைக்கிள் உற்பத்தியானதை நம் வட்டாரத்தாருக்குச் சொல்லவும் வேண்டுமா!

1871இல் ஆங்கிலப் படை ஏற்ற மார்ட்டினி-ஹென்றியிலும் நெம்புகோல் உண்டு. ஆனால் ஒரு முறைக்கு ஒரே தோட்டா. தாள் சுற்றிய அதன் குண்டு 31 கிராம். பன்னிரண்டு பங்கு ஈயத்திற்கு ஒரு பங்கு வெள்ளீயம். வின்செஸ்டரின் குண்டருகே அதை மனத்தால் நிறுத்திப் பார்த்தால், விரைவை நாடியவனுக்கும் கனத்தை நாடியவனுக்கும் உள்ள பேதம் புலப்படும்.

தோட்டாவின் பித்தளைக் கூட்டையும் அலட்சியம் செய்யக் கூடாது. அதன் வாய் உள்முகமாகச் சற்று மடிந்திருப்பது, குழாயிலுள்ள வில்லின் அழுத்தத்தால் குண்டு உள்ளே அமிழ்ந்துவிடாமலிருக்கத்தான். வெடித்த கூட்டையே திரும்ப நிரப்பிப் பழைய துப்பாக்கிகளைப் பேசவைக்கும் பொழுதுபோக்கு மேல்நாட்டில் இன்றும் உண்டு. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றி அதைச் செய்வது குற்றமாகையால், நமக்கு வாய்த்தது கண்ணின் ரசனை மட்டுமே. அதில் எனக்குக் குறையொன்றும் தோன்றவில்லை.

புகையில்லா வெடிமருந்து வந்தபின் வேகம் பெருகி, வெறும் ஈயம் தாங்காமல் குண்டு செம்புக் கவசம் பூண்டது. அந்தப் புதிய யுகத்தின் சாட்சியாக, கோட்டைக் காட்சிசாலைக்குச் செல்வோர், ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னை மீது எறிந்த குண்டின் சிதறலையும் அங்கே பார்க்கலாம். வெள்ளிக்கிழமை மட்டும் செல்ல வேண்டாம், அன்று விடுமுறை.