ஸ்லாக்பாட்டின் குட்டி இதயம்

அலுவலக அரட்டைச் செயலியான ஸ்லாக்கில், ஒருவர் இணைப்பில் இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி தெரியும். உதவிக்கு நிற்கும் தானியங்கி நிரலான ஸ்லாக்பாட்டுக்கோ அந்தப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குட்டி இதயம் வைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது. எப்போதும் விழித்திருக்கிறேன், ஆனால் மனிதரல்ல என்ற இரண்டையும் சில பிக்சல்களில் சொல்லிவிடுகிறது.

ஸ்லாக்பாட்டின் பேச்சும் அப்படிச் சுருக்கம்தான். சொல்லிவைத்த வேலையை உரிய நேரத்தில் நினைவூட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். வேலைக்கு நடுவே வளவளவென்று பேசும் நிரலை யார் பொறுத்துக்கொள்வார்கள்?

ஸ்லாக் நிறுவனத்தின் லோகோ இவ்வளவு எளிதாக அமையவில்லை. ஹேஷ்டேக் வடிவில் இருந்த பழைய லோகோவுக்கு 11 நிறங்கள். சரியாக 18 டிகிரி சாய வேண்டும். வெள்ளையல்லாத பின்னணியில் வைத்தால் பார்க்கச் சகிக்காது. 2019 ஜனவரியில் வடிவமைப்பு நிறுவனமான பென்டாகிராமின் மைக்கேல் பீரூட் குழுவினர் நிறங்களை நான்காகக் குறைத்தார்கள். பேச்சுக் குமிழி போன்ற துளி, முனை உருண்ட பட்டை என இரண்டே வடிவங்களால் அதைத் திரும்பக் கட்டினார்கள். பழையதைப் பிரிய மனமில்லாமல் பலர் முணுமுணுத்தார்கள். ஆனால் கைப்பேசித் திரையின் சின்னக் கட்டத்தில் புதியதுதான் தெளிவு. அந்தத் துளியைத் தனியே பிரித்தெடுத்தும் படங்களில் பயன்படுத்தலாம்.