நோயாளியின் ஏடு யாருடைய அமானிதம்?

மருத்துவத்திலும் தொழில்நுட்பத்திலும் புதியது எது வந்தாலும் கிராமத்தார் மிரள்கிறார்கள் என்பது படித்தோர் பலரின் முடிவு. புதுச்சேரியின் நெட்டப்பாக்கம் கொம்யூன் இம்முடிவை மறுக்கிறது.

அக்கொம்யூனின் ஏம்பலத்தில் கோயில் வளாகமொன்றில் கணினி நிலையம் அமைந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாகக் கொண்டு 1998இல் தொடங்கிய தகவல் கிராமத் திட்டத்தின் ஓர் அங்கம் அது. சந்நிதிக்குள் அனுமதிக்கப்படாத தலித் மக்களும் கணினி அறைக்குள் தடையின்றி வரலாம் என்பது அதன் நெறி. மக்களின் தேவை எதுவெனக் கேட்டறிந்த பின்னரே தகவல்கள் திரட்டப்பட்டன; உள்ளூர்த் தொண்டர்கள் அவற்றைத் தமிழில் வழங்கினர். 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கையை, கடலோர நல்லவாட்டு மக்கள் இத்திட்டத்தின் ஒலிபெருக்கி வாயிலாகவே ஊருக்கு அறிவித்து உயிர்களைக் காத்தனர். கருவி புதிது, அதை இயக்கிய குரல் பழகியது. ஐயம் அகன்றதன் காரணம் இதுவே.

இனி அடுத்த மாற்றத்தை நோக்குவோம். ஒவ்வொருவருக்கும் சுகாதார அடையாள எண் வழங்கும் தேசியத் திட்டம் 2020 ஆகஸ்ட் 15 அன்று ஆறு ஒன்றியப் பகுதிகளில் முன்னோட்டமாகத் தொடங்கப்பட்டது. புதுச்சேரி அவற்றுள் ஒன்று. மக்களின் நோய்க்குறிப்புகளை எவ்வாறு பேணுவது என்று கூறும் கொள்கையின் வரைவோ அதன் பின்னர், ஆகஸ்ட் இறுதியில்தான் வெளிவந்தது. கருத்துரைக்க முதலில் தரப்பட்ட அவகாசம் ஏறத்தாழ ஒரு வாரம். எதிர்ப்புக்குப் பின்னரே அது நீட்டிக்கப்பட்டது. கொள்கை இறுதியானது டிசம்பரில். ஏம்பலத்தில் கேட்டறிதல் முந்தியது, கருவி பிந்தியது. இங்கு வரிசை தலைகீழானது.

இத்திட்டத்தின் பயனை நாம் மறுக்கவில்லை. நெட்டப்பாக்கத்திலிருந்து ஜிப்மர் செல்லும் சர்க்கரை நோயாளியின் பழைய சோதனை முடிவுகள் மருத்துவருக்கு உடனே கிட்டுவது பெரும் நன்மையே. எனினும் ஏடு எதற்காக எழுதப்படுகிறது என்ற வினா எஞ்சுகிறது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் இஸ்ஹாக் இப்னு அலீ அர்ருஹாவீ எழுதிய 'அதபுத் தபீப்' எனும் நூல், மருத்துவர் தம் குறிப்புகளை எழுதிவைக்க வேண்டுமென்றும், நோயாளி இறப்பின் பிற மருத்துவர்கள் அவற்றை ஆராய வேண்டுமென்றும் கூறுகிறது. அங்கே ஏடு மருத்துவரைப் பதில்சொல்ல வைக்கும் சான்று. இன்றைய ஏடோ நோயாளியையே மேலும் மேலும் வெளிப்படுத்துகிறது. அதனைக் காண்போர் எவரென்பது அவருக்குத் தெரிவதில்லை.

பதிவு விருப்பத்திற்குரியது என்பது அரசின் கூற்று. ஆயின் கொரோனாத் தடுப்பூசிக்கு ஆதாரைக் காட்டிய பலருக்கு, அவர்கள் அறியாமலேயே அவ்வெண் உருவாக்கப்பட்டதாக 2021இல் செய்திகள் வெளிவந்தன. அறியாமல் அளிக்கப்படும் சம்மதம் சம்மதமாகுமா? ஒருவரின் நோய் பற்றிய இரகசியம் அமானிதம். ஒப்படைத்தவருக்கே அதன்மீது உரிமை. சீட்டு வழங்கும் இடத்திலேயே, "இது கட்டாயமில்லை, மறுத்தாலும் சிகிச்சை உண்டு" என்று ஊழியர் தமிழில் எடுத்துரைக்கட்டும். அதுவரை மக்களின் தயக்கத்தை அறியாமை என்று அழைப்பது நீதியாகாது.