வெல்ஸின் ஈயச் சிப்பாய்கள்

எச். ஜி. வெல்ஸ் எழுதியவற்றில் நம்மில் யாரும் அதிகம் தேடிப் போகாத சின்னப் புஸ்தகம் ஒன்று உண்டு. 1913-ல் வெளிவந்தது, பெயர் 'லிட்டில் வார்ஸ்'. சின்னச் சண்டைகள் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டுத் தரையில் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி யுத்தம் நடத்துவது எப்படி என்று, சட்டதிட்டங்கள் வகுத்து, படங்களும் போட்டுச் சொல்லுகிற புஸ்தகம். 12 வயது முதல் 150 வயது வரையில் உள்ள பையன்களுக்காக எழுதியது என்று முகப்பிலேயே அறிவித்துவிடுகிறார். பையன்களின் விளையாட்டில் பிரியமுள்ள கெட்டிக்காரப் பெண்களுக்கும் ஓரமாக ஓர் இடம் போட்டிருக்கிறார். 'கால யந்திர'த்தையும் 'கிப்ஸ்' நாவலையும் எழுதிய மனிதர் 46 வயதில் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தாரே என்று சிரித்துவிட்டுப் போய்விடலாம். எனக்கு அப்படிப் போக மனம் வரவில்லை. யாரை உள்ளே விடுவது, யாரை வாசலோடு நிறுத்துவது என்பதுதான் நாவலாசிரியனுடைய முதல் வேலை. அந்த வேலையை வெல்ஸ் தரைமீது எப்படிச் செய்தார் என்று பார்க்கவேண்டாமா?

விளையாட்டுப் பிறந்த கதையை அவரே சொல்லுகிறார். ஸாண்ட்கேட் என்ற கடற்கரை ஊரில் அவர் குடியிருந்த காலம். மதியச் சாப்பாடு ஆகி, காபி வரவேண்டிய நேரம். பக்கத்து மேஜையில் நாலைந்து ஈயச் சிப்பாய்களும், ஸ்பிரிங் வைத்த ஒரு சின்னப் பீரங்கியும் கிடக்கின்றன. சாப்பிட வந்த நண்பர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, மரக்குண்டைப் போட்டுக் குறி பார்த்து, ஒரு சிப்பாயைச் சாய்த்துவிடுகிறார். சாய்த்ததோடு நில்லாமல் பெருமை அடித்துக்கொள்கிறார். போட்டிக்கு வருகிறாயா என்கிறார். நண்பரின் பெயரை ஜே. கே. ஜே. என்ற எழுத்துக்களுக்குப் பின்னால் வெல்ஸ் மறைத்து வைத்திருக்கிறார். 'படகில் மூவர்' கதையைப் படித்துச் சிரித்தவர்களுக்கு அது ஜெரோம் கே. ஜெரோம் என்று கண்டுபிடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. அப்புறம் கலைக்களஞ்சியத்தின் தடித்தடி வால்யூம்கள் மலைகளாயின. கம்பளம் ஒரு தேசமாயிற்று.

படையில் மூன்றே இனங்கள். காலாள் ஒரு முறைக்கு 1 அடி நகரலாம். குதிரை 2 அடி. பீரங்கி நகரவோ சுடவோ வேண்டுமானால் அதன் பக்கத்தில் 4 பேராவது உயிரோடு நிற்கவேண்டும். கடிகாரமும் உண்டு: 30 ஆளுக்கு ஒரு நிமிஷம், ஒரு பீரங்கிக்கு ஒரு நிமிஷம். 110 ஆளும் 3 பீரங்கியும் உடையவர் 7 நிமிஷத்தில் தம் காரியத்தை முடித்துக்கொள்ளவேண்டும். பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற ராணுவ அதிகாரி 1824-ல் வெளியிட்ட யுத்த விளையாட்டில் தேசப்படம் உண்டு, பகடை உண்டு, தீர்ப்புச் சொல்ல நடுவர் உண்டு. அது அதிகாரிகளுக்குப் பாடம். அந்த மாதிரிப் பாடமெல்லாம் வெல்ஸுக்குச் சலிப்பு. குண்டு பட்டால் சிப்பாய் கண்ணெதிரே விழவேண்டும் அவருக்கு. பகடையின் வேலையை மரக்குண்டு பார்த்துக்கொள்கிறது.

நம்முடைய சதுரங்கத்தில் ரத கஜ துரக பதாதி என்ற நாலு அங்கங்களுக்கும் நாலு குணம். குதிரை தாண்டுகிற மாதிரி தேர் தாண்டாது. பாரதத்தில் வரும் அக்ஷௌகிணிக் கணக்கைப் பாருங்கள்: தேர் 21,870, யானை 21,870, குதிரை 65,610, காலாள் 1,09,350. ஒரு தேருக்கு ஒரு யானை, மூன்று குதிரை, ஐந்து காலாள் என்று அதில் ஒரு தராதரம் இருக்கிறது. வெல்ஸின் கைகலப்பு விதியில் அந்தப் பேச்சே இல்லை. குதிரைக்காரனும் காலாளும் சமம். ஆளுக்கு ஆள் மடிவார்கள். குதிரைக்கு வேகம் உண்டே தவிர வீரம் கிடையாது. ஆட்டம் என்ற அளவில் இது பெரிய சௌகரியம். 12 வயதுப் பையன் சீக்கிரத்தில் கற்றுக்கொண்டுவிடுவான். ஆனால் கதாசிரியன் கண்ணோடு பார்க்கிறபோது, அந்தப் படை முழுவதிலும் பாத்திரம் என்று சொல்லத் தக்கது பீரங்கி ஒன்றுதான். மற்றவர்கள் எல்லாரும் கூட்டம்.

அவர் சேர்த்துக்கொண்டதைவிட விட்டுவிட்டது இன்னும் வேடிக்கை. இரும்புக் கவசம் போர்த்து ஊர்ந்து வரும் யுத்த வண்டிகளை 1903-லேயே ஒரு சிறுகதையில் எழுதிவிட்டவர் இவர். நிஜமான டாங்கி போர்க்களத்துக்கு வந்தது 1916-ல். ஆகாயத்திலிருந்து குண்டு விழுந்து நகரம் எரிவதை 1908-ல் 'தி வார் இன் தி ஏர்' நாவலில் காட்டிவிட்டார். இப்பேர்ப்பட்ட தீர்க்கதரிசி தரையில் உட்கார்ந்தவுடன் டாங்கியும் இல்லை, விமானமும் இல்லை. பழைய காலத்துக் குதிரையும் காலாளுமே போதும் என்கிறார். கடையில் கிடைத்திராது என்று சமாதானம் சொல்லலாம். அட்டையையும் மரத்துண்டையும் கொண்டு வீடும் கோட்டையும் கட்டத் தெரிந்த கைக்கு ஓர் இரும்பு வண்டி செய்யவா தெரியாது? ஆளுக்கு எதிரே ஆள் நிற்கிற யுத்தம்தான் வேண்டுமென்று அவர் மனசு கேட்டிருக்கிறது என்பது என் கட்சி. வரப்போவதை முன்கூட்டியே பார்த்துவிட்ட மனிதனுக்கு அப்படி ஓர் ஆசை உண்டாவது இயல்புதான்.

இன்னொன்றும் விட்டுப்போயிற்று. தம் இரண்டு பிள்ளைகளோடு ஆடிய தரை விளையாட்டுகளைப் பற்றி 1911-ல் 'ஃப்ளோர் கேம்ஸ்' என்று ஒரு புஸ்தகம் எழுதினார். அதில் பொம்மைக் கடைக்காரர்கள்மீது அவருக்கு ஒரே கோபம். எங்கே போனாலும் சிப்பாய்தானா, சாதாரண ஊர்ஜனங்கள் கிடைக்கமாட்டார்களா என்று கேட்கிறார். அது கிப்ஸையும் மிஸ்டர் பாலியையும் படைத்தவனின் குரல். இரண்டு வருஷத்துக்குள் அந்தக் குரல் அடங்கிப்போயிற்று. சின்னச் சண்டையின் சட்டங்களில் ஊர்ஜனங்களுக்கு வேலை இல்லை. காயம்பட்டவனுக்கும் இல்லை. குண்டு பட்டவன் செத்தான், அவ்வளவுதான். அவன் கைதியாகப் பிடிபடலாம், காலொடிந்து கிடக்கமுடியாது.

இத்தனை குறை சொன்னாலும், புஸ்தகத்தில் ஓர் அத்தியாயத்தை நான் மூன்று தடவை படித்தேன். ஹூக்கின் பண்ணையில் நடந்த சண்டையை வர்ணிக்கிறார். வர்ணிக்கத் தொடங்கும்போதே ஆசிரியர் நம் கண்முன் மாறிவிடுகிறார். மசிக்கறை படிந்த விரல் தடித்துப் பெருக்கிறது, கூன் நிமிர்கிறது, மீசை சுருண்டு எழுகிறது, கண்ணுக்கு மேலே ஒரு வாள் தழும்புகூட முளைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு பேசுகிறவர் வெல்ஸ் அல்ல, ஒரு தளபதி. பென்ஷன் வாங்கிக்கொண்டு சுயசரிதை எழுதும் தளபதிகளின் தோரணை அப்படியே வந்துவிடுகிறது. எதிரியின் தவறு முட்டாள்தனம், தம் தவறு தந்திரம்! எழுத்தாளனுக்குள்ளே ஒளிந்திருக்கும் சூரனை இவ்வளவு பரிகாசமாகப் பிடித்துக் காட்டியவர்கள் குறைவு. யுத்தத்துக்கு விரோதமாக அந்தப் புஸ்தகம் செய்கிற வாதங்களில் பலமான வாதம் இதுதான். வெல்ஸ் அதை வாதமாக நினைக்கவில்லை என்பதனாலேயே அதற்கு அத்தனை பலம்.

அவர் வாதமாக நினைத்தது கடைசி அத்தியாயத்தில் இருக்கிறது. இந்த ஆட்டத்தை மூன்று நாலு தடவை ஆடிப் பார்த்தவனுக்கு, நிஜ யுத்தம் எவ்வளவு பெரிய குளறுபடி என்று தெரிந்துபோகும் என்கிறார். யுத்தம் யுத்தம் என்று குதிக்கிற ராஜாக்களையும் ஆசாமிகளையும் பெரிய மண்டபம் ஒன்றில் அடைத்து, வேண்டிய பொம்மைகளைக் கொடுத்துவிட்டால் ஜனங்கள் நிம்மதியாக இருக்கலாமாம். கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த வருஷமே, 1914-ல், மகாயுத்தம் மூண்டது. அப்போது வெல்ஸ் வெளியிட்ட புஸ்தகத்தின் தலைப்பு, யுத்தத்துக்கு முடிவுகட்டப் போகிற யுத்தம் இது என்றது. 1918-ல் எதிரி நாட்டு ஜனங்களுக்கான பிரசார வேலையிலும் சேர்ந்தார். இரட்டை வேஷம் என்று அவரைத் திட்ட நான் தயாராக இல்லை. பிரஷ்ய ராணுவ வெறியை ஒழிக்கிறோம் என்று மனசார நம்பினார். அந்த ஆட்டம் அவருக்குக் கற்றுக்கொடுத்தது தளபதியின் சங்கடத்தைத்தான்: குதிரையைத் தப்பான பக்கம் அனுப்பிவிட்டோமே, பீரங்கிக்கு ஆள் போதவில்லையே என்கிற சங்கடம். இன்று கம்ப்யூட்டர் திரையில் படை திரட்டுகிற பையனுக்கும் முதல் கவலை அதேதான்: குதிரை எத்தனை, பீரங்கி எத்தனை? ஆட்டத்தில் இடம் கொடுக்காத ஒன்றை அந்த ஆட்டம் எப்படிக் கற்றுக்கொடுக்கும்?

ஜெரோமை மறந்துவிட்டேன். சாப்பிட்ட கையோடு முதல் சிப்பாயைச் சாய்த்தாரே, அவர். மகாயுத்தம் வந்தபோது தாமும் போகவேண்டும் என்று துடித்தார். வயதாகிவிட்டது என்று இங்கிலாந்து ராணுவம் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பிரெஞ்சுக்காரர்களிடம் போய்ச் சேர்ந்து, 1916-ல், தமது 57-வது வயதில், போர்முனையில் காயம்பட்டவர்களை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸ் வண்டியை ஓட்டினார்.