நெய்க்கறை, பால்கறை: நற்றிணை 380 பற்றி ஒரு துணிக்கடைக்காரனின் திருத்தம்

சில ஆண்டுகளுக்கு முன் இதுபோன்ற ஒரு சங்க மலரில் நற்றிணையின் 380ஆம் பாட்டைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதியிருந்தேன். தாய்மையின் தியாகம் என்பதுபோலத் தலைப்பு. அன்பர்கள் பாராட்டினார்கள். அந்தக் கட்டுரை பிழையானது என்று இப்போது எனக்குப் படுகிறது. பில்லில் கூட்டல் தவறினால் வாடிக்கையாளர் கண்டுபிடிக்குமுன் நாமே சொல்லிவிடுவது வியாபார தர்மம். கட்டுரைக்கும் அதுதானே முறை?

பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். பாடியவர் கூடலூர்ப் பல்கண்ணனார். மருதத் திணை. பரத்தையிடம் போய்விட்டுத் திரும்பும் தலைவன் வீட்டுக்குள் வர வழி தேடிப் பாணனை அனுப்புகிறான். தோழி வாசலிலேயே பாணனை மறிக்கிறாள். எங்கள் சேலையில் நெய்யும் தாளிதப் புகையும் ஏறி அழுக்காகிவிட்டது. பிள்ளையை அணைத்து அணைத்துப் பால் வழிந்து தோளெல்லாம் புனிற்று வாடை வீசுகிறது. பளபளக்கும் நகை போட்ட பெண்கள் இருக்கும் சேரிக்குத் தேரில் போகிறவருக்கு நாங்கள் ஒத்துவரமாட்டோம். நீ யாழ் வாசிப்பதில் கெட்டிக்காரனாகவே இரு, இங்கே பாட வேண்டாம், கூட்டிக்கொண்டு போ. போதாததற்கு, தேரில் பூட்டின குதிரைகள் நின்று நின்று சலித்துப்போய்விட்டன என்றும் சொல்கிறாள். குதிரைமேல் அவளுக்கு என்ன கரிசனம் பாருங்கள்!

புனிறு என்றால் ஈன்ற அணிமை. தொல்காப்பிய உரியியல் அந்தப் பொருளைச் சொல்லி வைத்திருக்கிறது. பிள்ளை பெற்ற புதிதில் உடம்பிலும் துணியிலும் இருக்கும் அந்த வாசனையைத் தனிச் சொல்லால் சுட்டும் மொழி நம்முடையது. நற்றிணை 1915இல் பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் உரையோடு அச்சில் வந்தது. அதற்குப் பிறகுதான் என்போன்ற கடைக்காரனும் கல்லாப்பெட்டிப் பக்கத்தில் வைத்துப் படிக்க முடிந்தது.

என் பழைய கட்டுரை சொன்னது இவ்வளவுதான்: தாயானவள் அலங்காரத்தைத் துறந்தாள், கறையே அவளுக்கு அணிகலன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. போன வருஷம் எங்கள் வீட்டில் பேரன் பிறந்து மூன்று மாதம் ஆனபோது அதை மருமகளிடம் பெருமையாகப் படிக்கக் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டு, "மாமா, இதுல பேசறது தோழிதானே? அந்தப் பொண்ணு தன் துணியைப் பத்தி என்ன நெனச்சான்னு பாட்டுல எங்க இருக்கு?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. முப்பது வருஷம் படித்த பாட்டில் பேசுகிறவள் யார் என்பதை நான் சரியாகக் கவனிக்கவே இல்லை.

கடையில் நான் தினமும் பார்ப்பதையாவது கவனித்திருக்கலாம். 1992இல் மான்குர்டிலிருந்து பாலம் தாண்டி வாஷிக்கு ரயில் வந்த பிறகு மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருந்து நம் குடும்பங்கள் நிறைய இந்தப் பக்கம் வந்தன. அப்போதிருந்து ஒரே வாடிக்கையாளரைக் கல்யாணப் பெண்ணாகவும் பிள்ளைத்தாச்சியாகவும் தாயாகவும் பார்த்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன் "புது டிசைன் என்ன வந்திருக்கு?" என்று கேட்டவர், பிள்ளை பெற்றபின் "கறை தெரியாத கலரா குடுங்க" என்பார். முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி, மேலே போட ஒரு துப்பட்டா, பிள்ளையின் கன்னத்தில் உறுத்தாத பழைய சுங்குடி. ஜரிகை வேண்டாம், குத்தும். ஊக்கு வேண்டாம், பயம். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. 2017இல் சட்டம் முதல் இரண்டு பிரசவத்துக்குப் பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கிய பிறகு, விடுப்பு முடிந்து ஆபீஸ் திரும்பும் பெண்கள் ரயில் நெரிசலுக்கும் பால் கட்டுக்கும் தாங்கும் குர்தி கேட்டு வருகிறார்கள். இது துறவு இல்லை ஐயா, தேர்வு. ஒரு மஞ்சள் குர்தியை எடுத்து மேலே வைத்துக் கண்ணாடி பார்த்த ஒரு பெண்ணிடம், கூட வந்த மாமியார், "கொழந்த பெத்தவளுக்கு எதுக்கு இந்தக் கலரு?" என்றார். அவள் மடித்து வைத்துவிட்டாள். நான் கடைக்காரன், குறுக்கே பேசவில்லை. ஆனால் அந்த மாமியார் சொன்னதைத்தான் நான் செந்தமிழில் கட்டுரையாக எழுதியிருந்தேன் என்பது அப்போது உறைத்தது.

இப்போது பாட்டுக்கு வருகிறேன். "ஒத்துவரமாட்டோம்" என்று தோழி சொல்வதை நான் தாழ்மையாகப் படித்தேன். ஒரு வியாபாரியே அப்படிப் படித்திருக்கக் கூடாது. பேரம் பேசியே உயிரை எடுக்கும் ஆளிடம், "உங்களுக்கு நம்ம சரக்கு ஒத்துவராதுங்க, பக்கத்துக் கடை பாருங்க" என்று நாங்கள் சொல்வோம். சரக்கு மட்டம் என்று அதற்கு அர்த்தமா? எழுந்து போகலாம் என்று அர்த்தம். தோழி சொன்னதும் அதுதான். கறையை அவள் மறைக்கவும் இல்லை, வணங்கவும் இல்லை. வீட்டில் என்ன வேலை நடக்கிறது, யார் அதில் இல்லை என்பதற்கு அதைச் சாட்சியாக நிறுத்துகிறாள்.

அழுக்குச் சேலை சங்கப் பாட்டில் எப்போதும் வழக்காக வருவதில்லை. குறுந்தொகை 167இல், கூடலூர் கிழார் பாட்டில், புதுக் குடித்தனம் நடத்தும் பெண் தயிர் பிசைந்த விரலோடு, துவைக்காத சேலையோடு, தாளிதப் புகை கண்ணில் ஏறச் சமைக்கிறாள். கணவன் சாப்பிட்டு நன்றாக இருக்கிறது என்கிறான், அவள் முகம் மெல்ல மலர்கிறது. அதே அடுப்படி, அதே புகை. வேறுபாடு துணியில் இல்லை, எதிரே உட்கார்ந்திருப்பவனிடம் இருக்கிறது. நான் இந்த இரண்டு பாட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமலே தியாகம், தியாகம் என்று எழுதிக்கொண்டு போனேன்.

எங்கள் சமண நூலிலும் இந்தக் கோணல் உண்டு, சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. எங்கள் வீட்டில் தமிழ்ப் படிப்பு தொடங்கியதே சீவக சிந்தாமணியில்தான். விசயை அரசியாக மயிற்பொறியில் ஏறிப் பறந்து, சுடுகாட்டில் பிள்ளை பெற்று, தண்டகாரணியத்தில் தவக்கோலம் பூணுகிறாள். துறவு பெரிது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அது அறிந்து ஏற்கும் விரதம். பிள்ளை பெற்ற எல்லாப் பெண்ணுக்கும் ஊர் கூடிக் கொடுக்கும் சீருடை ஆகாது.

மருமகளின் கேள்விக்கு விடை தேடித்தான் அகநானூறு 26க்குப் போனேன். கானப்பேரெயில் தந்த உக்கிரப்பெருவழுதி என்ற பாண்டியன் பாடியது. இங்கே தாயே பேசுகிறாள். முன்பெல்லாம் விடாமல் தழுவினவர் இப்போது பால் பட்டுவிடுமோ என்று அஞ்சுகிறார் என்கிறாள். செவிலி கையிலிருக்கும் மகனைக் காட்டி, நீங்கள் அந்த நல்ல பெண்களுக்கு ஒத்தவர், நான் இதோ இந்தச் செல்வனுக்கு ஒத்தவள் என்கிறாள். நற்றிணையில் தோழி வாயில் வந்த அதே "ஒத்தல்" இங்கே தாயின் வாயில். அங்கே ஒவ்வோம், இங்கே ஒத்தோம். தனக்கு எது பொருந்தும் என்று அவளே சொல்கிறாள். என் பழைய கட்டுரையில் இந்தப் பாட்டு இல்லாததுதான் பெரிய குறை.

வீட்டு விஷயம் ஒன்றும் சொல்ல வேண்டும். என் மூத்தவன் கைக்குழந்தையாக இருந்தபோது சங்க விழா ஒன்றுக்குக் கிளம்பினோம். (பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டும் என்று விழாவிலிருந்து பாதியில் எழுந்து போகிறவன் என்று என்னைப் பலருக்குத் தெரியும், அப்போதும் அப்படித்தான்.) மனைவி பட்டுச்சேலையில் வாசலுக்கு வந்தாள். தோளில் பால்கறை. "நாலு பேர் வர்ற இடம், இப்படியா வருவே?" என்றேன். துணி வியாபாரியின் மனைவி என்ற கௌரவம் எனக்கு! அவள் உள்ளே போனாள். மாற்றிக்கொண்டு வருவாள் என்று நின்றேன், வரவில்லை. அதற்கப்புறம் இரண்டு வருஷம் எந்த விழாவுக்கும் வரவில்லை. தியாகக் கட்டுரையை எழுதினவனும் அந்த வார்த்தையைச் சொன்னவனும் ஒரே ஆள்தான். இப்போது இதை எழுதி அவளுக்குப் படித்துக் காட்டினேன். "அந்தச் சேலையை அப்பவே பாத்திரக்காரிக்குப் போட்டாச்சு" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மருமகளிடமும் அகநானூற்றுப் பாட்டைச் சொன்னேன். தாய் மெல்ல மகன் பக்கம் போகிறாள். அதைப் பார்த்த கணவன் எனக்கும் அவன்மேல் அன்புண்டு என்று வந்து, அவள் முதுகுப்புறமாகத் தழுவிக்கொள்கிறான். மழைத்துளி வாங்கின உழுத செம்மண்போல அவள் மனம் நெகிழ்ந்துபோகிறது என்று முடிவை விளக்கினேன். உரையாசிரியர்கள் உருகும் இடம். பேரனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டவள், கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"பின்பக்கமாத்தானே மாமா கட்டிக்கிட்டாரு? அவர் மேல பால் படாமத்தானே?"

புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.