மெக்கின்டாஷ் குறிப்புரைகளும் தமிழ் மின்னேட்டின் பாயிரமும்

ஆப்பிள் நிறுவனத்தார் 1984ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 24ஆம் நாள் வெளியிட்ட மெக்கின்டாஷ் கணிப்பொறியைச் சூழ்ந்து, அடுத்த இருபது ஆண்டுகளில் ஒருவகை உரைநடை பெருகியது. புதிய பொறி வந்த செய்தி, மென்பொருளின் புதுப் பதிப்பில் நேர்ந்த பிழை, அப்பிழைக்கு மாற்று, வேலையை எளிதாக்கும் உத்தி ஆகியவற்றைச் சிறு சிறு பத்திகளாகத் தருதல் அதன் இயல்பு. இதனை ஈண்டுக் குறிப்புரை என வழங்குவோம். இலக்கிய ஆய்வாளர் இவ்வகை எழுத்தை நூலாக எண்ணுவதில்லை. பயன் தீர்ந்தவுடன் எறியப்படும் துண்டுத்தாளாகவே கருதுவர். அக்கருத்துத் தமிழைப் பொறுத்தவரை பொருந்தாது. 1990க்குப் பின் எழுந்த தமிழ் மின்னேடுகள் பலவற்றுக்கு இக்குறிப்புரையே பாயிரமாய் நின்றது என்பதும், அப்பாயிரம் நீங்கின் ஏடு படிக்கப்படாது போம் என்பதும் இக்கட்டுரையில் ஆராயப்படும். பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடற்கரையில், மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் உள்ள பல்லவர் கல்வெட்டு இவ்வாராய்ச்சிக்கு ஓர் அளவுகோலாகக் கொள்ளப்படும்.

குறிப்புரை வகையின் தலைசிறந்த சான்று டிட்பிட்ஸ் என்னும் வார இதழாகும். அமெரிக்க நாட்டு ஆடம் எங்ஸ்டும் அவர்தம் மனைவியார் தான்யா எங்ஸ்டும் 1990ஆம் ஆண்டு ஏப்பிரலில் இதனைத் தொடங்கினர். தாளில் அச்சிடப்படாது மின்வடிவிலேயே இது வெளிவந்தது. தொடக்கத்தில் ஹைப்பர்கார்டு என்னும் மென்பொருளில் திறக்கத்தக்க அட்டைத் தொகுதியாக இதழ் அமைந்தது. மெக்கின்டாஷ் உடையார்க்கு அது கண்கவர் வடிவே. பிற பொறி உடையார்க்கோ திறவாக் கதவு. 1992இல் அவ்வடிவத்தைக் கைவிட்டு, செடெக்ஸ்ட் என்னும் எளிய எழுத்துமுறைக்கு இதழ் மாறியது. தலைப்பின் கீழ்ச் சமக்குறிகளை வரிசையாக இடுதல், தடித்த சொல்லின் இருமருங்கும் உடுக்குறி இடுதல் என்னும் அளவே அம்முறையின் அணி. எந்தப் பொறியிலும் எந்த மென்பொருளிலும் அதனைக் கண்ணாற் படிக்கலாம். அழகைக் குறைத்து ஆயுளைக் கூட்டிய இம்மாற்றமே அவ்விதழின் உரைநடைச் சிறப்புக்கும் காரணம் என்பது எம் கருத்து. படமும் பொத்தானும் இல்லாதபோது சொல்லே அனைத்தையும் சுமத்தல் வேண்டும். சொல் செறிவுறுவதும் அப்போதுதான்.

இவ்வகை எழுத்து முழுவதும் இத்தரத்தது அன்று. மந்திரம் போல் விதி மட்டும் கூறிக் காரணம் கூறாத குறிப்புகள் மிகப் பல. பொறி தொடங்கும்போது கமாண்ட், ஆப்ஷன் என்னும் இரு விசைகளையும் அழுத்திப் பிடித்து முகப்பைப் புதுப்பிக்க என்பது அக்காலத்தார் ஒவ்வொருவரும் அறிந்த குறிப்பு. படவுருக்கள் வெண்டாளாய் மாறின் அவ்வாறு செய்க என்பர். ஒவ்வொரு கோப்பும் எம்மென்பொருட்கு உரியது என்பதைப் பொறி ஒரு மறை அட்டவணையில் வைத்திருக்கும்; அவ்வட்டவணை சிதைந்தால் கோப்புக்கும் மென்பொருட்கும் உள்ள உறவு அறும்; மேற்கூறிய விசைகள் அதனை மீளக் கட்டும். இவ்வளவும் மூன்று வரியில் அடங்குவதே. அதனைக் கூறாதார் மற்றொன்றையும் கூறாது விட்டனர். பழைய அமைப்புகளில் முகப்பைப் புதுப்பித்தால், கோப்பின் விவரப் பலகையில் உடையவர் எழுதி வைத்த கருத்துரைகள் அழிந்துபடும். நூற்பட்டியல் தொகுத்தாரொருவர் தம் குறிப்புகளை அவ்விடத்தில் எழுதி வைத்திருப்பின் அவர் இழப்பு எத்தகையது என்பதை எண்ணுக. பயன் கூறி இழப்பை மறைத்த குறிப்பு அரைக்குறிப்பே.

குறிப்புரையின் குணமும் குற்றமும் தெளிய நம் மரபிலேயே கருவி உண்டு. சிறப்புப்பாயிரத்துக்கு நன்னூலார் ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டினை உரியனவாகக் கொண்டார். இவற்றுள் ஆக்கியோன் பெயரும் நூற்பெயரும் எக்குறிப்பிலும் எளிதிற் கிடைப்பன. அவற்றை விரித்தல் வேண்டா. எல்லை என்பதே முதலில் நம்மை நிறுத்துகின்றது. பனம்பாரனார் தொல்காப்பியத்துக்குத் தந்த பாயிரம் வழக்கின் எல்லையை வேங்கடத்துக்கும் குமரிக்கும் இடையே வைத்தது. எழுத்துருக் குறிப்பின் எல்லையோ சிஸ்டம் 6க்கும் சிஸ்டம் 7க்கும் இடையே விழுந்தது. 1991இல் வந்த சிஸ்டம் 7, எவ்வளவு பெருக்கினும் விளிம்பு சிதையாத ட்ரூடைப் எழுத்துருவை உடன் கொணர்ந்தது. ஆகவே எவ்வமைப்புக்கு உரிய எழுத்துரு எனக் கூறாத குறிப்பு, எந்நாட்டு வழக்கு எனக் கூறாத இலக்கணத்தை ஒக்கும். யாப்பு என்பதற்கு உரையாளர் இருவகையாகப் பொருள் கொள்வர். தொகை, விரி முதலாக நூல் யாக்கப்பட்ட முறை என்பர் ஒரு சாரார். இது கற்றபின் இது கற்க என்னும் தொடர்பு என்பர் மற்றொரு சாரார். இரண்டாம் பொருள் இவ்விடத்துக்கு மிகப் பொருந்துவது. முதலில் எழுத்துருவை நிறுவுக, பின் விசைப்பலகையைத் தெரிவு செய்க, அதன்பின் கோப்பைத் திறக்க என்னும் முறை பிறழ்ந்தால் திரையில் தோன்றுவது தமிழன்று.

எழுத்துரு வழங்கிய வகையில் ஒரு நுட்பம் விரித்துரைக்கத் தக்கது. பழைய மெக்கின்டாஷ் கோப்புக்கு இரண்டு கிளைகள் உண்டு: ஒன்று தரவுக்கிளை, மற்றொன்று வளக்கிளை. கட்டுரை போன்றவற்றின் உள்ளீடு தரவுக்கிளையில் இருக்கும். எழுத்துருவின் உயிரோ வளக்கிளையில் இருந்தது. சூட்கேஸ் எனப்பட்ட எழுத்துருப் பெட்டியைப் பிற பொறிகளின் வழியே காப்பின்றி அனுப்பினால் வளக்கிளை வழியிலேயே உதிர்ந்துவிடும். பெயர் மட்டும் வந்து சேரும்; உள்ளே ஒன்றும் இராது. இதனைத் தடுக்கவே ஸ்டஃபிட் என்னும் மென்பொருளாற் சுருக்கி, பின்ஹெக்ஸ் என்னும் முறையால் இரு கிளைகளையும் ஒருங்கே எழுத்துச்சரமாக மாற்றி அனுப்பினர். பெறுவோர் அவ்விரண்டையும் எதிர்வரிசையில் அவிழ்த்தல் வேண்டும். வெளிநாட்டில் வாழ்ந்த தமிழர் ஒருவர் ஆக்கிய எழுத்துரு, 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15இல் பொதுமக்கட்கு இணையம் திறக்கப்பட்டபின் சென்னைக்கும், அதனை அடுத்த செங்கற்பட்டு போன்ற ஊர்கட்கும் வந்தடைய வேண்டுமாயின், எழுத்துருவோடு இவ்விளக்கமும் உடன் வருதல் இன்றியமையாதது. எழுத்துரு உடலாயின் குறிப்புரை அதற்கு வழித்துணை.

எழுத்துரு செவ்வனே நிறுவப்பட்ட பின்னும் இடர் தீர்ந்தபாடில்லை. அக்காலத்து எழுத்துருக்கள் உரோமன் எழுத்துக்களுக்கு உரிய எண்ணிடங்களில் தமிழ் வடிவங்களை ஏற்றியவை. எவ்வெண்ணில் எவ்வடிவம் என்பதில் எழுத்துருக்கள் தம்முள் ஒவ்வா. கணிப்பொறியின் எண்ணிடங்கள் 256இல், பிற்பாதியாகிய 128 இடங்களை மெக்கின்டாஷ் ஒருவகையாகவும் விண்டோஸ் வேறுவகையாகவும் நிரப்பின. அஞ்சல் மென்பொருள் சில, பிரெஞ்சு, செருமன் எழுத்துக்கள் பிறழாதிருக்கவேண்டும் என்னும் நன்னோக்குடன் ஒன்றை மற்றொன்றாக மாற்றி அனுப்பின. அம்மாற்றத்தில் தமிழ் உருக்குலைந்தது. அஞ்சலின் மாற்று அட்டவணையை நிறுத்துக என்னும் ஒற்றைவரிக் குறிப்பு எத்துணைக் கடிதங்களைக் காத்திருக்கும் என்பதை அளந்து கூற இயலாது. வரியின் ஈற்றை மெக்கின்டாஷ் 13 என்னும் எண்ணாலும், யூனிக்ஸ் 10 என்னும் எண்ணாலும், டாஸ் இவ்விரண்டையும் சேர்த்தும் குறித்தமையால் வெண்பா நான்கடியும் ஒரே அடியாய் நீண்ட வேடிக்கையும் உண்டு.

இனி, இக்குறிப்புரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுந்தமைக்குக் காரணம் காண்போம். எழுதியோர்க்குத் தமிழ்ப்பற்று இல்லாமையே காரணம் எனச் சிலர் குறை கூறுவர். அஃது ஏற்புடைத்தன்று. தமிழ் எழுத்துருவை நிறுவும் முறையைத் தமிழ் எழுத்தில் எழுதினால், அவ்வெழுத்துருவை முன்னரே நிறுவியவர்க்கன்றிப் பிறர்க்கு அது விளங்காது. திறவுகோலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய செயலாய் முடியும். ஆகவே ஆங்கிலத்திலோ உரோமன் எழுத்தில் எழுதிய தமிழிலோ குறிப்புரை நிற்க நேர்ந்தது. பாயிரம் ஒரு மொழியிலும் நூல் வேறொரு மொழியிலும் அமைந்த இந்நிலை நம் இலக்கிய வரலாற்றிற் புதுவது.

சாளுவன்குப்பத்து அதிரணசண்ட மண்டபத்தை இவ்விடத்து நினைதல் தகும். அதிரணசண்டன் என்னும் பட்டம் பூண்ட பல்லவ வேந்தன் ஆக்கிய அக்குடைவரையில், எதிரெதிர்ச் சுவர்களில் ஒரே வடமொழிப் பாடல்கள் இருமுறை பொறிக்கப்பட்டுள்ளன: ஒரு சுவரில் பல்லவ கிரந்த வரிவடிவம், மறுசுவரில் நாகரி வரிவடிவம். மாமல்லபுரத்தில் கணேச ரதத்திலும் தருமராச மண்டபத்திலும் ஒரே பாடல்கள் இருமுறை வருதல் உண்டெனினும், அவ்விரண்டும் கிரந்தத்திலேயே அமைந்தன, அது படியெடுத்தல். சாளுவன்குப்பத்தில் நிகழ்ந்ததோ எழுத்துமாற்றம். இரண்டும் வேறென்பதை மின்னேட்டு ஆய்வாளர் மறவாதிருத்தல் வேண்டும். ஒரே எழுத்துருவில் நூறு படி எடுத்து வைத்தால் ஏடு பெருகும்; அவ்வெழுத்துரு வழக்கிறந்தால் நூறும் ஒருங்கே ஊமையாகும். இருவேறு வரிவடிவில் நின்ற ஒரு படியோ, ஒன்றில் மயங்கியதை மற்றொன்றால் தெளிய இடந்தரும். பாபிங்டன் 1830இல் மாமல்லபுரத்துக் கல்வெட்டுக்களை எழுத்து அட்டவணையோடு வெளியிட்டதற்கு முன் அவ்வரிகள் ஊரார் கண்முன் நின்றும் பேசாதிருந்தன. கல் அழியவில்லை, எழுத்தின் அறிவே அழிந்திருந்தது. மின்னேட்டுக்கு அந்நிலை வர ஆயிரம் ஆண்டு வேண்டா, இருபதாண்டு போதும்.

இதனை உணர்ந்து செயற்பட்டோர் உளர். சுவிட்சர்லாந்து நாட்டு லொசான் நகரில் வேதியியலாராய் விளங்கிய கல்யாணசுந்தரம், மயிலை என்னும் எழுத்துருவை மெக்கின்டாஷ், விண்டோஸ், யூனிக்ஸ் என்னும் மூவகைக்கும் ஆக்கி விலையின்றி வழங்கினார். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகளைத் திறப்போர், நூலுக்கு முன் ஒரு சிறு பகுதியைக் காண்பர். தட்டச்சிட்டவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார், எக்குறியேற்றத்தில் நூல் உள்ளது, படிக்க எத்தகைய எழுத்துரு வேண்டும் என்பன அங்குக் கூறப்படும். நூலைப் படிக்க விரைவோர் அதனைத் தாண்டிச் செல்வர். ஆயினும் ஆக்கியோன், வழி, எல்லை, யாப்பு ஆகியவை அப்பகுதியிலேயே உள்ளன. மயிலையிலிருந்து டிஸ்கிக்கும், அதிலிருந்து ஒருங்குறிக்கும் நூல்கள் பெயர்க்கப்பட்டபோது, எதிலிருந்து எதற்கு என்னும் வினாவுக்கு ஐயமின்றி விடை கூறியது இம்முன்னுரையே.

ஒருங்குறியின் முதற் பதிப்பு 1991இலேயே தமிழுக்கு இடம் வகுத்திருப்பினும், மெக்கின்டாஷ் உடையார் அதன் பயனைப் பெற நெடுங்காலம் ஆயிற்று. விண்டோஸ் 2000 தமிழைத் தன்னகத்தே கொண்டு வந்தது. ஆப்பிளின் பழைய அமைப்பு நாகரி, குசராத்தி, குருமுகி ஆகியவற்றுக்கு வழிசெய்தும் தமிழுக்குச் செய்யவில்லை. 2005இல் வந்த மாக் ஓஎஸ் எக்ஸ் 10.4இல்தான் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறனின் இணைமதி எழுத்துரு அமைப்போடு இணைந்து வந்தது. அஞ்சல், தமிழ்99 என்னும் விசைப்பலகைகளும் உடன் கிடைத்தன. அன்று முதல் எழுத்துருக் குறிப்புரைக்குத் தேவை அருகியது. தேவை அருகவே அதனைப் பேணுவாரும் அருகினர். இடர் தீர்ந்தது மகிழ்தற்குரியதே. தீர்ந்த இடரின் வரலாறும் உடன் தீர்ந்ததுதான் இழப்பு. செங்கற்பட்டை அடுத்த மகிந்திரா உலக நகரில் 2022ஆம் ஆண்டு முதல் ஆப்பிளின் கைப்பேசிகள் பொருத்தப்பட்டு வருகின்றன. பெட்டியைத் திறந்த நொடியே அவற்றில் தமிழ் தோன்றும். ஒரு தமிழ்க் கடிதத்தைத் திரையில் காண ஐந்து படிகளைக் கடந்த காலம் இருந்ததை அப்பொறி காட்டாது.

தமிழ்த்துறைகளில் இன்றும் எஞ்சியுள்ள நெகிழ்வட்டுக்களிலும் குறுந்தகடுகளிலும் 1990களில் தட்டச்சிட்ட ஆய்வேடுகளும் சொல்லடைவுகளும் இருத்தல் கூடும். அவற்றைப் பட்டியலிடுவோர் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு என்னும் மூன்றோடு நிறுத்திவிடுதல் போதாது. எப்பொறி, எவ்வமைப்பு, எவ்வெழுத்துரு, அதன் எப்பதிப்பு என்பவற்றையும், வட்டோடு கிடைக்கும் குறிப்புத்தாளையும் நூலின் உறுப்பாகவே பதிதல் வேண்டும். எழுத்துருவின் பெயர் தெரியாத கோப்பையும் ஓரளவு மீட்கலாம். எவ்வெண் மிகுதியாக வருகின்றது என எண்ணி, தமிழில் மிகப் பயிலும் எழுத்துக்களோடு ஒப்பிட்டு, கல்வெட்டாய்வார் செய்வது போல ஒவ்வொன்றாகப் பொருத்திச் செல்லலாம். ககர, தகர, மகரங்கள் ஒரு பக்கத்திலேயே வெளிப்படும். ஒள வரிசைக்கும் ஙகரத்துக்கும் ஆய்தத்துக்கும் பல பக்கங்கள் தேட வேண்டும். கோப்புச் சிறிதாயின் அவ்விடங்களில் ஐயம் எஞ்சும்.