உலகநாச்சியும் வண்ணக்கரும்

மட்டக்களப்பிற் பெண்ணின் தலைமை பற்றிப் பேச எழுவோர் பெரும்பாலும் முதலில் எடுத்துரைப்பது உலகநாச்சியின் பெயரையே. அடுத்து ஆடகசவுந்தரி வருவாள். எப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ இவ்விரு அரசியரையும் நமக்கு எளிதிற் கிட்டச் செய்தது. அப்பணிக்கு நாம் கடமைப்பட்டவர்கள். ஆயினும், விவாத மேடையில் அந்நூலைச் சான்று காட்டுவோர் அதனை முழுவதும் படித்தனரோ என்ற ஐயம் எனக்குண்டு.

கலிங்கத்திலிருந்து வந்து, நிலம் பெற்று, குடிகளை இருத்தியவளாக உலகநாச்சியைப் போற்றும் அந்நூல், குடிகளின் வரிசையையும் கோயில் ஊழியத்தையும் விரித்துரைக்குமிடத்து ஆடவரையே பெரிதும் முன்னிறுத்துகிறது. இதனை ஏட்டை எழுதியவரின் குறையென ஒதுக்கிவிட முடியாது. அது பிறந்த சமுதாயத்தின் அமைப்பே அத்தகையது.

எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் குடி தாய்வழியே வருகிறது. வீடு மகளுக்குச் சீதனமாகிறது. மருமகனே அவ்வீட்டுக்கு வந்து சேர்கிறான். இவ்வழக்கைக் கண்டு ‘இது பெண்ணாட்சி’ என்று முடிவு கட்டுவோர் உளர். ஆனால் கோயில் வண்ணக்கர் பதவிக்குத் தகுதி தருவது தாயின் குடி. பதவியில் அமர்வதோ அவளுடைய சகோதரன் அல்லது மகன். பழைய முக்குவர் சட்டத்திலும் ஒருவனது முதுசம் சகோதரியின் மைந்தரையே சென்றடைந்தது. உரிமை பெண்ணின் வழியாகச் சென்றது. அதனைச் செலுத்தும் அதிகாரம் அவளிடம் தங்கவில்லை.

தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் முதலிய ஊர்களில் வைகாசிதோறும் கண்ணகிக்குக் குளிர்த்தி நிகழ்கிறது. ‘கண்ணகி வழக்குரை’ படிக்கப்படுகிறது. அரசவையேறி வழக்காடி வென்ற பெண்ணின் கதை அது. பூசை செய்யும் கப்புகனார் ஆண். திரண்டு நிற்கும் பெண்கள் கேட்கிறார்கள், நேர்த்தி வைக்கிறார்கள்.

பழைமையை மட்டும் குறை கூறி அமைதல் நேர்மையாகாது. 1876ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு முக்குவர் சட்டம் வழக்கிழந்தது. பின்னர் 1935இல் வந்த காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாதவிடத்து, மகளுக்கு முன் மகனையும் மைந்தருள் மூத்தவனையும் வைத்தது. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி, புதிய வயல்கள் பகிரப்பட்டபோது நடைமுறையில் இருந்தது இச்சட்டமே. தாயின் குடியைக் கேட்டறிந்து சம்பந்தம் பேசிய மண்ணில், அரசு வழங்கிய காணி மட்டும் ஆண்வழி இறங்கிற்று. அப்பாகுபாட்டை நீக்கும் திருத்தம் 2022இல்தான் வந்தது. எண்பத்தேழு ஆண்டுகள்! உலகநாச்சியைப் பற்றி மேடைகளிற் செலவிட்ட நேரத்திற் சிறிதேனும் இதற்குச் செலவிட்டோமா?

அரசியலிலும் இத்தடமே தெரிகிறது. 1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்தோடு இணைந்திருந்த தென்பகுதியில், பொத்துவில் உறுப்பினர் கனகரத்தினம் 1980இல் மறைந்தபின் அவர் சகோதரி ரங்கநாயகி பத்மநாதன் பாராளுமன்றம் சென்றார். 2000இல் அஷ்ரப் மறைந்தபின் அவர் துணைவி பேரியல் அஷ்ரப் அம்பாறையிலிருந்து தெரிவானார். இருவரின் ஆற்றலும் இங்கு வினாவன்று; ஆடவர் ஒருவரின் மரணம் திறந்த கதவு வழியாகவே அவர்கள் நுழைய நேர்ந்தது என்பதே வினா. உள்ளூராட்சியில் நூற்றுக்கு 25 இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கும் ஏற்பாடு 2018 தேர்தலில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. அவ்வாறு சபையேறியவர்களின் அனுபவங்களை எழுத ஒரு மான்மியம் இன்னும் வேண்டியிருக்கிறது. அதனை அவர்களே எழுதினால் நன்று.